மேசைக்கு வரும் முகமூடி: டிஸ்னி விடுதிகளின் காலையுணவு பற்றிய ஓர் அரங்கியல் நோக்கு

நாடகத்துக்கு மேடையும் திரையும் ஒளியமைப்பும் இன்றியமையாதனவல்ல என்பதும், ஆற்றுவோன் ஒருவனும் பார்ப்போன் ஒருவனும் ஓரிடத்தில் நேருக்குநேர் கூடுதலே அதன் அடிப்படை என்பதும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி அரங்கியலில் வேரூன்றிய கருத்துக்களாகும். போலந்து நாட்டு நெறியாளர் குறொற்றோவ்ஸ்கியும் ஆங்கில நெறியாளர் பீற்றர் புறூக்கும் 1968 இல் வெளிவந்த தத்தம் நூல்களில் இதனை வற்புறுத்தினர். குறொற்றோவ்ஸ்கி மனத்திற் கொண்டிருந்தது வறுமையையே வலிமையாகக் கொண்டதோர் அரங்கு. எனினும், அங்ஙனம் வகுக்கப்பட்ட அளவுகோல் செல்வச் செழிப்பின் நடுவே நிகழும் சில நிகழ்ச்சிகளையும் அரங்கென ஏற்கும்படி செய்துவிடுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் புளோறிடா மாநிலத்திலுள்ள ‘வோல்ற் டிஸ்னி உலகம்’ எனும் கேளிக்கைப் பூங்காவிலும் அதனைச் சார்ந்த விடுதிகளிலும் நாள்தோறும் காலையில் நடைபெறும் ‘பாத்திரங்களோடு உண்ணல்’ என்ற நிகழ்ச்சி அத்தகையது. உண்கலத்தையும் நாடக மாந்தரையும் ‘பாத்திரம்’ என்ற ஒரே சொல்லாற் சுட்டும் தமிழ் வழக்கு இங்கு தற்செயலாகப் பொருந்தி நிற்கின்றது. அம்மேசையில் இருவகைப் பாத்திரங்களும் சந்திக்கின்றன.

இந்நிகழ்ச்சி பற்றிப் பொதுவாக இரண்டு மனப்பாங்குகள் நிலவுகின்றன. அது குழந்தைகளை மகிழ்விக்கும் மாயம் என மெச்சுவோர் ஒரு சாரார். பெற்றோரின் பணப்பையைக் கரைக்கும் வணிகத் தந்திரம் என ஒதுக்குவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றனர். முகமூடியினுள்ளே இருக்கும் மனிதரை இருவருமே காண்பதில்லை. மாயத்தை மெச்சுவோர் அவரைக் காண விரும்புவதில்லை. வணிகத்தைச் சாடுவோருக்கு அவர் வணிகத்தின் ஒரு கருவியாக மட்டுமே தோன்றுகின்றார். அம்மனிதரது ஆற்றுகையை ஒரு கலையாகக் கொண்டு, அதன் இயல்பினையும் அது இயங்கும் சமூக உறவுகளையும் நோக்குவதே இந்நிகழ்ச்சியைச் சரிவர மதிப்பிடும் வழியாகும்.

1

இவ்வடிவத்தின் பௌதிக அடிப்படையை முதலில் நோக்குதல் பொருந்தும். 1955 ஆம் ஆண்டு யூலை 17 ஆம் திகதி கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலாண்ட், அடிப்படையில், பகலில் வந்து மாலையில் மீளுவோருக்கான இடமாக அமைந்தது. வோல்ற் டிஸ்னி 1966 இல் இறந்தபின், 1971 ஒக்டோபர் 1 ஆம் திகதி புளோறிடாவில் திறக்கப்பட்ட நிலையமோ தொடக்கத்திலிருந்தே வருவோர் தங்குவதற்கென்றும் திட்டமிடப்பட்டது. கொன்ரெம்பொறரி, பொலினீசியன் எனும் இரண்டு விடுதிகள் பூங்காவோடு ஒருங்கே திறக்கப்பட்டன. ஓரிடத்தில் உறங்குவோர் அங்கேயே விழித்தெழுகின்றனர், எழுந்தவர்க்குப் பசியுண்டு, பூங்காவின் பொழுது முழுமையாகத் தொடங்கும் முன் நிரப்பப்படவேண்டிய நேரமும் உண்டு. உல்லாசப் பயணக் கைத்தொழில் வருவோரின் பகற்பொழுதை மட்டுமன்றி நாள் முழுவதையும் தன்வசப்படுத்தியதன் விளைவாகவே காலையுணவு ஓர் ஆற்றுகைக் களமாக வளர்ந்தது எனலாம்.

கொன்ரெம்பொறரி விடுதியின் நான்காம் மாடியிலுள்ள ‘செஃப் மிக்கிஸ்’ எனும் உணவகம் இவ்வகைக்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் மின்வண்டி அக்கட்டடத்தை ஊடறுத்துச் செல்கின்றது. அதன் அருகே அமர்ந்து உண்போரிடம் மிக்கி, மினி, டொனால்ட் வாத்து, கூஃபி, புளூட்டோ ஆகிய வேடங்கள் மேசை மேசையாக வருகின்றன. பூங்காவின் நடுவே 189 அடி உயர்ந்து நிற்கும் சின்டறெல்லா கோட்டையின் மேல்மாடியிலும் இத்தகைய விருந்துண்டு. அம்மண்டபம் 1997 வரை, உறங்கும் அழகியின் தந்தையான ஸ்ரெஃபன் மன்னனின் பெயரையே தாங்கியிருந்தது. ஒரு கதையின் நாயகிக்குரிய கோட்டையில் இன்னொரு கதையின் மன்னன் கால் நூற்றாண்டுக்கு மேலாக விருந்தளித்தமை சிறியதொரு முரண்பாடே. ஆயினும், கதைகளின் உள்ளார்ந்த ஒழுங்கிலும் பார்க்க அவற்றின் பெயர்கள் எழுப்பும் பொதுவான மனவுணர்வே இங்கு முதன்மை பெறுகின்றது என்பதை அது காட்டிநிற்கின்றது.

2

இனி ஆற்றுகையின் அமைப்பினை நோக்கலாம். பூங்காவில் ஒரு வேடத்தைக் காண விழையும் குழந்தை வரிசையில் நிற்கவேண்டும். காலையுணவிலோ குழந்தை அமர்ந்திருக்க, வேடமே அதனை நாடி வருகின்றது. இத்தலைகீழ் மாற்றமே இந்நிகழ்ச்சியின் அரங்கியல் அடிப்படை. விற்பனைக்கு வைக்கப்படும் பண்டமும் இதுவே. அப்பமும் முட்டையும் பழமும் வேறெங்கும் கிடைப்பனவே. வரிசையில் நில்லாமையும், உறுதியாகக் காணலாம் என்ற நம்பிக்கையும், சில நிமிடங்கள் ஒருவரின் முழுக் கவனத்துக்கு உரித்தாதலும் வேறெங்கும் எளிதிற் கிடைப்பனவல்ல.

வேடங்கள் இருவகையின. சின்டறெல்லா போன்று முகத்தை மறைக்காத வேடங்கள் பேசுகின்றன. மிக்கி, கூஃபி போன்று தலைமுழுதையும் மூடும் வேடங்கள் பேசுவதில்லை. இப்பேசா வேடமே திறனாய்வாளரின் கவனத்துக்கு மிக உரியது. மனத்தின் நிகழ்வு உடலின்வழிப் புலப்படுதலைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். அதனை நகை, அழுகை முதலாக எட்டு வகைப்படுத்தினார். மெய்ப்பாடு மிகுதியும் தங்கும் இடங்கள் கண்ணும் வாயும். அவ்விரண்டும் இங்கு அசைவற்ற பொம்மை உறுப்புக்களாக உறைந்துவிட்டன. எனவே கழுத்தின் சாய்வு, தோளின் குலுக்கம், கையின் விரிவு, நடையின் வேகம் ஆகியவற்றைக் கொண்டே வியப்பும் நாணமும் குறும்பும் உணர்த்தப்படவேண்டியுள்ளன. டொனால்டின் சினம் காலை நிலத்தில் உதைக்கும் உதையில் தங்கியுள்ளது. கூஃபியின் பேதைமை, கைகள் உடலுக்குச் சற்றுப் பிந்தி வருவதில் தங்கியுள்ளது. மௌன அரங்கின் பயிற்சி இன்றி இதனைச் செய்தல் அரிது.

அதனிலும் அரிதாவது, எழுதப்பட்ட பனுவல் ஏதுமின்றி ஒவ்வொரு மேசையிலும் புதியதொரு காட்சியைத் தொடக்கி, வளர்த்து, முடித்துவைத்தல். ஒரு மேசையில் மூன்று வயதுக் குழந்தை அஞ்சி அலறுகின்றது. ஆற்றுவோர் உடனே தாழ்ந்து, பின்வாங்கி, தம் பேருருவைச் சிறிதாக்கிக் காட்டவேண்டும். அடுத்த மேசையில் ஒன்பது வயதுச் சிறுவன் எல்லாம் அறிந்தவனாய் ஏளனமாக நோக்குகின்றான். அவனது ஏளனத்தையே விளையாட்டாக மாற்றவேண்டும். அதற்கடுத்த மேசையில் பேச இயலாத குழந்தையொன்று இருக்கக்கூடும்; அங்கே பேசா வேடமும் பேசாக் குழந்தையும் ஒரே மொழியினராகின்றனர். இவை யாவும் சில நிமிடங்களுள் முடிந்து, அடுத்த மேசைக்கு நகரவேண்டும். குழந்தையின் எதிர்வினையே காட்சியின் போக்கைத் தீர்மானிப்பதால், பார்ப்போனே இங்கு முதன்மை நடிகனாகின்றான். வேடந்தாங்கியவர் அவனது நடிப்புக்குத் துணை நிற்பவர். அந்நிலையில் தம்மைப் பின்தள்ளிக்கொள்ளும் திறனே அவரது கலையின் உச்சம்.

பெருந்தொற்றுக் காலம் இவ்வுண்மையை எதிர்மறையாக நிறுவியது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட புளோறிடாப் பூங்காக்கள் அவ்வாண்டு யூலையில் மீண்டும் திறக்கப்பட்டன. பாத்திரங்களோடு உண்ணல் திரும்பியபோது வேடங்கள் மேசையை நெருங்காது எட்டநின்றே கையசைத்தன. தழுவுதலும் கையொப்பமும் 2022 ஏப்ரிலிலேயே மீண்டன. இடைக்காலத்தில் சமையற்கூடம் இயங்கியது, முகமூடி இருந்தது, உடை இருந்தது, கட்டணமும் இருந்தது. இல்லாதுபோனது ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் நிலையறிந்து நெருங்கும் அந்தச் சிறு செயல் மட்டுமே. அது இல்லாதவிடத்து அரங்கு வெறும் ஊர்வலமாகச் சுருங்கியது.

3

இவ்வாற்றுகை நுண்ணியதாயினும், அது நிகழும் சூழலின் இயல்பை மறைத்தல் திறனாய்வாகாது. அண்மை ஆண்டுகளில் இவ்விருந்துகளுக்கு வளர்ந்தவர் ஒருவருக்கான கட்டணம் 40 டொலருக்கு மேற்பட்டது. மூன்று வயது நிரம்பாதோருக்குக் கட்டணமில்லை. மூன்று முதல் ஒன்பது வயது வரை குழந்தைக் கட்டணம். பத்தாவது வயதில் வளர்ந்தோருக்கான கட்டணம். என்றும் முதிராக் குழந்தைமையைத் தன் சின்னமாகக் கொண்ட ஒரு நிறுவனம் கணக்கேட்டில் அதனைப் பத்து வயதோடு முடித்துவைக்கின்றது. குழந்தைமை பற்றிய அதன் கோட்பாட்டை அதன் திரைப்படங்களிலும் பார்க்கத் தெளிவாக இக்கட்டணப் பட்டியலிற் காணலாம்.

மிக்கி ஒருவரே என்ற நம்பிக்கையும் பேணப்படவேண்டும். ஒரே காலைப்பொழுதில் கொன்ரெம்பொறரி விடுதியில் ஒரு மிக்கியும், விலங்குப் பூங்காவின் உணவகத்தில் வேட்டைப்பயண உடையணிந்த இன்னொரு மிக்கியும் விருந்தினரை வரவேற்கின்றனர். ஒரு குழந்தை இருவரையும் ஒருங்கே காணாதிருந்தாற் போதும். கையொப்பம் இதன் உச்சநிலை. குழந்தை நீட்டும் சிறு புத்தகத்தில் மிக்கி இடும் கையெழுத்து எவ்விடத்தும் ஒரே வடிவினதாயிருக்க ஆற்றுவோர் பயிற்றப்படுகின்றனர். தனிமனிதனது அடையாளத்தை நிறுவுவதற்கென எழுந்ததே கையொப்பம். இங்கு அது எழுதுபவரின் அடையாளத்தை அழிப்பதற்குப் பயன்படுகின்றது. பல கைகள் எழுதிய ஒரே பெயர், அவற்றுள் எந்தக் கைக்கும் உரியதன்று.

இவ்விடத்தில், 1971 இல் சிலி நாட்டில் வெளிவந்த ஒரு நூலை நினைவுகூர்தல் பயன்தரும். ஏரியல் டோர்ஃப்மனும் ஆர்மன் மத்தலாரும் டொனால்ட் வாத்துப் படக்கதைகளை ஆராய்ந்து எழுதிய அந்நூல், 1973 செப்ரெம்பரில் நிகழ்ந்த இராணுவப் புரட்சியின் பின் அந்நாட்டில் எரியூட்டப்பட்ட நூல்களுள் ஒன்று. அப்படக்கதை உலகில் பெற்றோர் இல்லை, சிற்றப்பன்மாரும் மருமக்களுமே உள்ளனர் என்பதையும், செல்வம் உண்டு, ஆனால் அதனை உற்பத்தி செய்யும் தொழிலாளி இல்லை என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினர். படக்கதை பற்றிய அவ்வாய்வு காலையுணவு மேசைக்கு வரும்போது முற்றிலும் புதியதொரு பொருளைப் பெறுகின்றது. படக்கதையில் தொழிலாளி இல்லாதிருந்தார். மேசையருகே அவர் இருக்கின்றார். டொனால்ட் வாத்தின் உள்ளேயே இருக்கின்றார். அவர் இல்லையேல் வாத்து வெறுந்துணி. பாத்திரம் ததும்புவது உள்ளிருக்கும் பொருளாலேயே. எனினும் பார்ப்போருக்கும் நிறுவனத்துக்கும் பாத்திரம் மட்டுமே கண்ணிற்படுகின்றது. ஆகவே இம்முகமூடி ஒரு சமூக உறவின் உருவமுமாகும்.

ஆர்லி ஹொக்சைல்ட் எனும் அமெரிக்கச் சமூகவியலாளர் 1983 இல் வெளியிட்ட நூலில், விமானப் பணிப்பெண்களின் தொழிலை ஆராய்ந்து, புன்னகையும் கனிவும் கூலிக்கு விற்கப்படும் நிலையை உணர்வு உழைப்பு என வகுத்துக்காட்டினார். பணிப்பெண்ணின் முகம் நிறுவனத்துக்குச் சொந்தமாகின்றது. முகமூடி அணிந்தவரின் முகமோ எவருக்கும் புலப்படாததால் அவருக்கே சொந்தமாக எஞ்சுகின்றது. ஆனால் அவரது தோளும் கையும் நடையும் முறுவலித்தாகவேண்டும். உணர்வு உழைப்பின் எல்லை முகத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

4

இந்நிறுவனத்தின் சொல்வழக்கு இவ்வுறவை மேலும் துலக்குகின்றது. அங்கு ஊழியர் அனைவரும் ‘நடிகர் குழாத்தினர்’, வாடிக்கையாளர் ‘விருந்தினர்’, பணியிடம் ‘மேடை’, ஏனைய பகுதி ‘மேடைப்பின்புறம்’. கோப்பை கழுவுவோரும் தெருக் கூட்டுவோரும் நடிகர் என்றே அழைக்கப்படுகின்றனர். எல்லோரும் நடிகராகும்போது, உண்மையில் நடிப்பவரின் தனித்தகைமை கரைந்துவிடுகின்றது. நடிகர் என்ற பெயர் தாராளமாக வழங்கப்படும் ஓரிடத்தில் நடிகருக்குரிய உரிமைகள் தாராளமாக வழங்கப்படவில்லை என்பதே வரலாறு.

புளோறிடாவில் வேடந்தாங்குவோரின் தொழிற்சங்கம் பாரவண்டிச் சாரதிகளின் சங்கமாக உருவான ரீம்ஸ்ரர்ஸ் அமைப்பைச் சார்ந்தது. உடையோடு வழங்கப்பட்ட உள்ளாடைகளைப் பலரும் மாறிமாறி அணியவேண்டியிருந்த நிலை மாறி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அவை ஒதுக்கப்படும் உரிமை 2001 இலேயே அச்சங்கத்தின் வாயிலாகப் பெறப்பட்டது. அரங்கின் மாயம் பற்றி எழுதுவோர் இச்செய்தியை நகைப்புக்குரியதாகக் கருதக்கூடும். உடையினுள் ஓர் உடல் உண்டு, அவ்வுடலுக்கு வியர்வையும் மானமும் உண்டு என்பதை ஏற்கச்செய்த முயற்சி அது. எனவே அரங்கியல் வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு.

2024 மே மாதத்தில் கலிபோர்னியாவிலுள்ள டிஸ்னிலாண்டின் வேடந்தாங்குவோரும் ஊர்வல ஆற்றுவோரும், ஏறத்தாழ 1,700 பேர், 1913 இல் நிறுவப்பட்ட அமெரிக்க மேடை நடிகர் சங்கத்தின் பிரதிநிதித்துவத்தைப் பெரும்பான்மை வாக்குகளால் ஏற்றனர். கூலி, பாதுகாப்பு, பணிநேரம் என்பன அதன் பின்னணியில் இருந்தன என்பது வெளிப்படை. எனினும், திறனாய்வுக் கண்கொண்டு நோக்குமிடத்து, அவ்வாக்கெடுப்பு ஒரு கலைக்கோட்பாட்டுக் கேள்விக்கான விடையுமாகும். மிக்கியின் முகமூடியினுள் இருப்பவர் யார் என்ற கேள்விக்கு, மேடை நடிகர் என்று அவர்களே விடையளித்தனர்.

இதற்கு எதிராக ஒரு வாதம் முன்வைக்கப்படுவதுண்டு. உள்ளிருப்பவர் ஒருவர் உண்டென்பது வெளிப்பட்டால் குழந்தையின் வியப்பு அழிந்துவிடும் என்பதே அது. இவ்வாதம் அரங்கின் இயல்பை அறியாததன் விளைவாகும். யப்பானியப் புன்றாக்குப் பொம்மலாட்டத்தில் தலைமை ஆட்டுநர் பெரும்பாலும் முகத்தை மூடாமலே பார்ப்போர் முன் நிற்கின்றார். பொம்மையின் துயரம் அதனாற் குறைவதில்லை. அறிதலும் நம்புதலும் ஒருங்கே நிகழ்வதே அரங்கின் அடிப்படை. ஒன்பது வயதுச் சிறுவன் உண்மையை அறிந்துகொண்டே கூஃபியோடு விளையாடுகின்றான்; பெற்றோர் அறிந்துகொண்டே நெகிழ்கின்றனர். மூன்று வயதுக் குழந்தையின் பொருட்டு உணவு மண்டபத்தில் முகமூடி கழற்றப்படாதிருத்தல் நியாயமே. ஆனால் மண்டபத்தில் பேணப்படும் மறைவு, ஒப்பந்தத்திலும் ஊதியத்திலும் பாராட்டிலும் பேணப்படவேண்டியதற்கு நியாயம் எதுவுமில்லை.

டிஸ்னி நிறுவனத்தின் சொந்த வரலாறே இதனை உணர்த்தும். 1937 இல் வெளிவந்த ‘ஸ்னோ வைற்’ திரைப்படத்தில் குரல் கொடுத்தோரின் பெயர்கள் திரையில் இடம்பெறவில்லை. 1941 மே மாத இறுதியில் அந்நிறுவனத்தின் ஓவியக் கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, ஊதியத்தோடு திரையிற் பெயர் இடம்பெறலும் அவர்களது முறையீடுகளுள் ஒன்றாக இருந்தது. சங்க நடவடிக்கைகளுக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டமையால் அவ்வேலைநிறுத்தத்துக்கு உடனடிக் காரணமாயமைந்த ஆர்ட் பாபிற் என்பவரே கூஃபியின் அசைவுகளையும் ஆளுமையையும் உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். இன்று மேசையருகே தளர்ந்த கைகளோடு வரும் கூஃபியின் நடை, தன் பெயருக்காகவும் தன் தோழரின் உரிமைக்காகவும் வீதியில் நின்ற ஒருவரின் கற்பனையிற் பிறந்தது. காலப்போக்கில் கலைஞர் பெயர்கள் திரையில் நீண்ட பட்டியலாக இடம்பெறலாயின. அதனால் எந்தக் குழந்தைக்கும் படத்தின் மாயம் குன்றவில்லை.

5

2019 டிசெம்பரில் திறக்கப்பட்ட றிவியேறா எனும் டிஸ்னி விடுதியின் மேல்மாடியிலே, மிக்கியின் இத்தாலியப் பெயரைத் தாங்கிய ‘ரொப்பொலீனோ’ உணவகம் அமைந்துள்ளது. அங்கு நிகழும் காலையுணவில் மிக்கி ஓவியனாகவும், மினி கவிஞையாகவும், டொனால்ட் சிற்பியாகவும், டெய்சி நடனக்காரியாகவும் உடைதரித்து வருகின்றனர். இவ்வடிவத்தின் முழு முரண்பாடும் இக்காட்சியில் திரண்டு நிற்கின்றது. இங்கு கலையே வேடமாகின்றது. கலைஞனின் உடை மிக்கிக்கு அணிவிக்கப்படுகின்றது. அவ்வுடையையும் மிக்கியையும் ஒருங்கே சுமந்து, ஒரு சொல்லும் பேசாது, அச்சமுற்ற ஒரு குழந்தையைச் சில நிமிடங்களில் சிரிக்கவைக்கும் மனிதருக்குக் கலைஞர் என்ற பெயர் போராடிப் பெறவேண்டியதொன்றாக இருக்கின்றது.

இக்காலையுணவை மாயமென மெச்சுதலும் வணிகமெனத் தள்ளுதலும் நிறைவான திறனாய்வுகளாகா என்பது இதுவரை கூறியவற்றால் தெளிவாகும். மாயம் என்பது அங்கு நிகழும் வேலையின் பெயர். வணிகம் என்பது அவ்வேலை விற்கப்படும் முறையின் பெயர். இவ்விரண்டுக்குமிடையே, மேசை மேசையாக நகர்ந்து, ஒவ்வொரு குழந்தையின் கண்ணுயரத்துக்கும் தாழ்ந்து எழுகின்ற ஒரு மனிதரின் கலை உள்ளது. உயர்ந்த நாடகங்களுக்கு உரியதாகத் திறனாய்வு கொண்டுள்ள கவனத்தை அத்தகைய கலைக்கும் வழங்குதல் அதன் கடமை. அவ்வகையில், 2024 இல் வாக்களித்த அத்தொழிலாளர்கள் தம் தொழிலைப் பற்றி எழுதிய திறனாய்வாளர் பலரிலும் பார்க்கத் தெளிவான தீர்ப்பொன்றை வழங்கியுள்ளனர்.